கிழிக்காத டிக்கட்

பஸ் வருவதற்கு முன்னால் பெண்கள் போடும் குரவைச் சத்தம் வந்தது.

காட்டு வாசலில் அப்படியொரு சத்தத்தை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கூண்டுக் கூரையில் பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்குகள் ஒரே பாய்ச்சலில் மரமேறின. வளைவுக்கு அப்பால் செம்மண் புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து ஒரு பழைய பஸ் முக்கிக்கொண்டு வந்தது. யன்னல் தோறும் கைகள். கூரையில் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு பெரிய கிடாரங்கள். பஸ் வந்து நிற்பதற்குள் நெய்ச்சோற்று வாசம் என் டிக்கட் கூண்டுக்குள் நுழைந்துவிட்டது.

முன் ஆசனத்தில் வெள்ளைத் தொப்பியோடு இருந்தவரைக் கண்டதும் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டேன். அவர் ஆதம்பாவா வட்டானை. நற்பிட்டிமுனைக்காரர், அங்கே வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். எனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் வாப்பா. எல்லாம் சரி, நாள் வைப்பது மட்டும்தான் பாக்கி என்ற நிலையில் இருந்தோம்.

அப்படியென்றால் அவளும் பஸ்ஸுக்குள் இருப்பாள்!

நசீமாவை நான் அதுவரை ஒரேயொரு தடவைதான் பார்த்திருந்தேன். பார்த்தேன் என்பதுகூடப் பெரிய பேச்சு. கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து தேத்தண்ணித் தட்டை நீட்டிய ஒரு கை, முக்காட்டின் ஓரம், அவ்வளவுதான். அந்தக் கையை வைத்துக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டியிருந்தேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகளின் வசதி அதுதான்.

வட்டானை பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினார். வயது ஐம்பதைத் தாண்டியவர் குதித்தார் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

“மருமகன்! கேட்டத் தொறங்க! ஊரே வந்திரிக்கி!”

பஸ்ஸுக்குள் மறுபடியும் குரவை. நான் எழுந்து நின்றேன். என் கையில் டிக்கட் புத்தகம் இருந்தது.

காட்டுக்கு டிக்கட் கிழிக்கிற வேலை

பஸ்ஸை அங்கேயே கொஞ்சம் நிறுத்திவைப்போம். அது எப்படியும் நின்றுதான் ஆகவேண்டியிருந்தது.

நான் கல்முனைக்குடியான். வாப்பா மீன்பிடிக்காரருக்கு வலையும் கயிறும் விற்றவர். சோதனை பாஸ் பண்ணிய மகன் அம்பாறைக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், மேசைக்குப் பின்னால் இருப்பான் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எனக்குக் கிடைத்ததோ அம்பாறைக்கும் அப்பால், பெரிய குளத்தைச் சுற்றியிருந்த காட்டின் வாசலில் ஒரு பலகைக் கூண்டு. வேலை, உள்ளே போகிறவர்களுக்கு டிக்கட்டைப் பாதியாகக் கிழித்துக் கொடுப்பது. எங்கள் ஊர் அதைக் குளத்துக் காடு என்று சொல்லும்.

ஊருக்குள் செய்தி பரவியதும் சிரிப்புத்தான். காடு என்றால் வேலிக்குக் கம்பு வெட்டப் போகிற இடம். அதைப் பார்க்க ஒருவன் காசு கொடுப்பானா? கொடுத்தாலும் வாங்குவதற்கென்று இன்னொருவனைச் சம்பளம் கொடுத்து வைப்பார்களா?

உம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“கடலப் பாக்க ஆரும் காசு எடுக்கிறயா மகன்?”

சாரனை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுவிட்டேன்.

வாசலுக்குப் பொறுப்பாக இருந்தவர் விமலதாச மாத்தயா; சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. மெலிந்த மனிதர், கொஞ்சம் தமிழ் கதைப்பார், கோபம் வந்தால் ஜீப்பைக் கழுவுவார். ஜீப் எப்போதும் பளபளவென்றிருந்தது. ஆனால் ஓடாது. நாலு டயரில் இரண்டு தேய்ந்து நூல் தெரிந்தது. புது டயர் கேட்டு அவர் எழுதிய கடிதங்களின் பிரதிகளை ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார்.

உள்ளே இரண்டு மைல் தூரத்தில் ஓர் ஓடை. அதன் மேல் மரப் பாலம். பாலத்தின் நடுப் பலகைகள் உக்கி விழுந்து, ஆட்கள்கூடப் போக முடியாமல் கிடந்தது. பெரிய யானைக் கூட்டங்கள் மேயும் புல்வெளி பாலத்துக்கு அந்தப் பக்கம். காசு கொடுத்து உள்ளே போகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நின்று, கையை நெற்றியில் வைத்து, தூரத்தே கறுப்பாகத் தெரிவது யானையா பாறையா என்று வாதாடிவிட்டுத் திரும்புவார்கள். பாலத்துக்கும் கடிதங்கள் எழுதப்பட்டிருந்தன. அவையும் அதே கம்பியில்தான்.

டிக்கட் காசு தகரப் பெட்டிக்குள் விழும். அங்கிருந்து அம்பாறை, அங்கிருந்து கொழும்பு. போன காசு திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

வெள்ளைக்காரியும் தேன்காரரும்

விலைப் பலகையில் மூன்று வரிகள் இருந்தன. வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை, உள்நாட்டுக்காரருக்கு அதைவிட எவ்வளவோ குறைந்த விலை, பிள்ளைகளுக்கு அதிலும் பாதி.

ஒருநாள் சூரியனில் வெந்து சிவந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்தப் பலகையை விரலால் தட்டிக் காட்டினாள். யானை ஒன்றுதானே, எனக்கு மட்டும் ஏன் இந்த விலை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீசு அந்தக் கேள்விக்குப் போதாது. விமலதாச மாத்தயா வந்து மறுமொழி சொன்னார். “உங்கள் யானை படத்தில் இருக்கிறது. எங்கள் யானை எங்கள் வயலில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஏற்கெனவே நெல்லாகக் கொடுத்துவிட்டார்கள்.” அந்தப் பெண் சிரித்துவிட்டுக் காசைக் கொடுத்தாள். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துக்கொண்டது. பின்னால் அதே பதில் என் கழுத்துக்குக் கயிறாக வரும் என்று அப்போது தெரியாது.

இன்னொரு நாள் தோளில் கோடரியோடு ஒரு முதியவர் வந்தார். காட்டில் தேன் எடுக்கிற வேடர். அந்தக் காடு வேலியும் வாசலும் காணாத காலத்தில் அதற்குள்ளேயே பிறந்தவர். நான் வழக்கம்போல டிக்கட் புத்தகத்தைத் திறந்தேன். அவர் புத்தகத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மாத்தயா சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நானும் புத்தகத்தை மூடினேன். முதியவர் வாசலில் கேட்டாகக் குறுக்கே போட்டிருந்த தடைமரத்தைக் குனிந்து கடந்து உள்ளே போனார்.

அவரிடம் கேட்காதது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் மனம் வைத்தால் விடலாம் என்று ஆகிவிட்டால் பிறகு எங்கே நிறுத்துவது? அந்தக் கேள்வி எனக்குள் நுளம்பு மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது.

பஸ் வருவதற்கு ஒரு கிழமை முன்னால்தான் இன்னொன்றும் நடந்திருந்தது. மருதமுனையிலிருந்து சைக்கிளில் சாரன் கொண்டுவந்து விற்கிற ஒருவர், முன்னாலும் பின்னாலும் இரண்டு பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வெயிலில் அவ்வளவு தூரம். பிள்ளைகளுக்கு யானை காட்டுவதாகச் சொல்லிக் கூட்டி வந்தாராம். அவரிடம் ஓர் ஆளுக்கான காசுதான் இருந்தது. “புள்ளைகள மட்டும் உடுங்களன் தம்பி” என்றார். பெரியவர் இல்லாமல் பிள்ளைகளை விட முடியாது. சட்டம் சட்டம் என்று நான் தலையை ஆட்டினேன். மூவரும் மரத்தடியில் கொஞ்சம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சின்னவள் போகும்போதும் காட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அன்று இரவுச் சோறு எனக்கு இறங்கவில்லை.

எட்டு சஹன் ஆள்

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன்.

“எத்தின பேர் மாமா?” என்று கேட்டேன்.

“எட்டு சஹன்” என்றார் வட்டானை.

எங்கள் ஊர்ப் பந்தியில் ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுவார்கள். அந்தப் பெரிய தட்டுத்தான் சஹன். எட்டு சஹன் என்றால் நாற்பத்தெட்டுப் பேர்.

“ஆளுக்கு ஒரு டிக்கட் எடுக்கணும் மாமா. புள்ளைகளுக்குப் பாதி.”

குரவை நின்றது. யன்னல்களில் நீட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

வட்டானை என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் அவருடைய குரல் வயலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

“மருமகன், பஸ்ஸுக்குக் காசு சேத்தம். ஆட்டுக்குக் காசு சேத்தம். கேட்டுக்கு ஒருத்தரும் ஒரு சதம் தரத் தேவையில்ல, அங்க நம்மட மாப்புள இரிக்காரு எண்டு பள்ளிக்கு முன்னுக்கு நிண்டு சொல்லிட்டு வந்திரிக்கன். எங்கட மாப்புள இரிக்கிற இடம் எங்கட இடம்தானே?”

அவர் செய்த பிழை இதுதான். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணுக்கு. வருகிற மாப்பிள்ளையும் அவருடைய சைக்கிளும் சம்பளமும் அந்த வீட்டோடு சேர்ந்துவிடும். வட்டானை அந்தக் கணக்கில் அரசாங்கத்தின் கேட்டையும் சேர்த்துவிட்டார்.

“அது கவுண்மேந்துட இடம் மாமா.”

“கவுண்மேந்தா?” அவருக்குச் சூடேறியது. “சரி, நான் கேக்கன். இந்தக் குளத்துத் தண்ணி எங்க வருது?”

“நம்மட வட்டை வயலுக்கு.”

“அந்த வாய்க்கால வருசா வருசம் வெட்டுற ஆரு?”

“நீங்கதான்.”

“இந்தக் காட்டு யானை வந்து எங்கட வேளாண்மையத் திண்டுட்டுப் போகக்குள்ள, நாங்க அதுக்கிட்ட டிக்கட் கேட்டயா?”

பஸ் முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. விமலதாச மாத்தயா வெள்ளைக்காரிக்குச் சொன்ன அதே நியாயம்தான், இப்போது என்னைப் பார்த்து நின்றது.

மாத்தயாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“தம்பி, உங்கட ஆக்கள். நீங்களே பாருங்க” என்றார் அவர். வாளியை எடுத்துக்கொண்டு ஜீப்பைக் கழுவப் போனார்.

எல்லாருடைய காசையும் நானே போட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். என் சட்டைப் பையில் இருந்தது ஒரு சஹனுக்கும் காணாது. தடைமரத்தைத் தூக்கிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? கை அதைத் தூக்கும் கயிற்றுப் பக்கம் போகத்தான் போனது. அப்போது மருதமுனைச் சைக்கிள்காரரின் சின்ன மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. அவளை விடாதவன் என் மாமனாரை விட்டால் நான் என்ன மனிதன்?

“டிக்கட் இல்லாம உட ஏலாது மாமா” என்றேன். டிக்கட் புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்தேன்.

வட்டானை தொப்பியைக் கழற்றி, தட்டி, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“அப்ப கலியாணத்தப் பத்தியும் மறுகா கதைப்பம்” என்றார். அந்த ஒரு தடவைதான் உண்மையிலேயே மெதுவாகப் பேசினார்.

கம்பி வலைக்குள் ஒரு கை

பஸ்ஸின் பின்கதவு திறந்தது.

ஒரு பெண் இறங்கினாள். நீல முக்காடு. பின்னால் அவளுடைய உம்மா, “புள்ளே, ஏறுகா, சும்மா இரிகா” என்று இழுத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை.

“வாப்பா, பெரியவாப்பாட வயலுக்கும் நீங்க நெல்லு எடுக்கிறதானே?”

அதைக் கேட்டதும் பஸ்ஸுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஏனென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வட்டை என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வாய்க்காலில் பாயும் வயல்கள் எல்லாம் சேர்ந்த வெளி. அதற்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், வாய்க்கால் வெட்டுவிக்கிறவர் வட்டானை. அதற்குக் கூலியாக அறுவடை முடிந்ததும் களத்தில் வைத்து ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று ஒவ்வொருவரும் அளந்து கொடுப்பார்கள். ஒரு போகம் ஆதம்பாவா வட்டானையின் சொந்தக் காக்கா, அதாவது அண்ணன், நசீமாவின் பெரியவாப்பா, “எனக்கிட்டயுமாடா எடுக்கப் போறாய்?” என்று கேட்டிருக்கிறார். தம்பி நெல்லை அளந்து மூட்டையில் கட்டிவிட்டுத்தான் காக்கா வீட்டில் தேத்தண்ணி குடித்தாராம். நற்பிட்டிமுனையில் அந்தக் கதை தெரியாத ஆளில்லை. கதையை அதிகம் சொன்னவரும் அவரேதான்!

வட்டானை ஓர் அடி விலகி மகளுக்கு வழிவிட்டார்.

நசீமா நேரே என் கூண்டுக்கு வந்தாள். கம்பி வலையில் கை நுழையுமளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் கை வந்தது. நான் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்த அதே கை. விரல் நுனிகளில் மருதோன்றி மங்கியிருந்தது, நடுவிரலில் தையல் ஊசி குத்திய தழும்புகள். உள்ளங்கையில் அவள் சட்டை தைத்துச் சம்பாதித்த காசு.

“ஒரு டிக்கட் தாங்க.”

எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த முதல் பேச்சு அது. டிக்கட்டைக் கோணலாகக் கிழித்தேன். மிச்சக் காசு கையிலிருந்து நழுவி மேசைக்கடியில் உருண்டது. அதைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது தலையை மேசையில் இடித்துக்கொண்டேன். முக்காட்டுக்குள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பிறகு வரிசை! “எனக்கும் ஒண்டு”, “எனக்கு ஒண்டரை” என்று பெண்கள் இறங்கினார்கள். வெற்றிலைப் பையிலிருந்தும் முந்தானை முடிச்சிலிருந்தும் காசு வந்தது. இல்லாதவளுக்குப் பக்கத்தில் நின்றவள் போட்டாள். கடைசியில் ஆண்களும் வேறு வழியில்லாமல் இறங்கினார்கள். தடைமரத்தைத் தூக்கினேன். பஸ் குரவையோடு உள்ளே போனது.

வட்டானை போகவில்லை. இறக்கிவைத்த கிடாரங்களுக்குக் காவலாக மரத்தடியில் இருந்துகொண்டார். கூண்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை.

பாலமும் கலியாணமும்

உச்சி திரும்பியதும் பஸ் வந்தது. போன பஸ்ஸா இது என்று இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“யானை நீந்துது! தண்ணிக்குள்ள நீந்துது!”

“தும்பிக்கைய மட்டும் மேல தூக்கிட்டுப் போகுது!”

“குட்டி தாய்ட முதுகில சாஞ்சிட்டுப் போன, அல்லா, அதக் காணணும்!”

நசீமாவின் உம்மா கையை மூக்குக்கு மேல் தூக்கி, கண்ணை மூடி, யானை நீந்துவது எப்படியென்று நடுத்தெருவில் நடந்து காட்டினார். வட்டானை வேறு பக்கம் பார்த்தபடி காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

“அங்கால தான் கூட்டமாம்” என்றாள் ஒரு பெண். “பாலம் உடைஞ்சி கிடக்கு. காசக் குடுத்துட்டு பாதிதான் பாத்தம்.”

வட்டானையின் தலை திரும்பியது.

“என்ன பாலம்?”

சொன்னார்கள். எத்தனை பலகை, எவ்வளவு நீளம், ஓடையில் எவ்வளவு தண்ணீர் என்று வரிசையாகக் கேட்டார். வயலில் மதகு உடைந்தால் கேட்கிற மாதிரியே கேட்டார். பிறகு எழுந்து, சாரனை உதறிக் கட்டிக்கொண்டு என் கூண்டுக்கு வந்தார்.

“இந்தக் காசெல்லாம் எங்க போகுது?”

“கொழும்புக்கு மாமா.”

“திரும்பி வருதா?”

நான் கம்பியில் தொங்கிய கடிதங்களைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“வாய்க்கால் வெட்டாம நான் நெல்லுக் கேட்டா, வட்டையில இரிக்கிற மம்பட்டியெல்லாம் என்ட தலையிலதான் உழும். பாலத்தப் போடாம இவங்க எப்பிடிக் கேக்கிற?”

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

“எனக்கு ஒரு டிக்கட்.”

“உள்ளுக்குப் போகப் போறீங்களா மாமா?”

“இல்ல. காசு குடுக்காதவன் கேள்வி கேக்க ஏலாது. கேக்கத்தான் இது. இதக் கிழிக்காதீங்க. பாலம் போட்ட அண்டைக்கு வந்து கிழிப்பன்.”

புத்தகத்திலிருந்து பிரித்து, அன்றைய திகதி முத்திரை குத்தி, முழு டிக்கட்டாகக் கொடுத்தேன். தோல் பேர்ஸைத் திறந்து அதை மடிக்காமல் வைத்தார். பிறகு கையால் மரத்தடியைக் காட்டினார்.

“வாங்க, சோறு தின்னுவம். கோவம் வேற, சோறு வேற.”

என்னையும் விமலதாச மாத்தயாவையும் தன் சஹனிலேயே இருத்தினார். இறைச்சியை எங்கள் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தார். வட்டிலப்பம் வந்தது. நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். கை கழுவும்போதுதான் சொன்னார்.

“கலியாணம் நடக்கும் மருமகன். பாலம் போட்ட பிறகு.”

திரும்பி வந்த பெட்டிசம்

அதற்குப் பிறகு என் வாழ்க்கை கொழும்பில் யாரோ ஒருவருடைய மேசையில் கிடந்தது.

ஊருக்குப் போனால் சலூனில், தேத்தண்ணிக் கடையில், பள்ளிவாசல் வாசலில் ஒரே கேள்விதான். “என்ன, பாலம் போட்டாச்சா?” உம்மா ஐந்து நேரத் தொழுகைக்குப் பின்னும் பாலத்துக்காக துஆக் கேட்டார். கண்டிராத ஓடைக்கு மேல் கண்டிராத பாலம். “யா அல்லாஹ், அந்தப் பலகைய லேசாக்கித் தா” என்று அழுத மனுஷி உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மூன்று மாதம் போனது. ஒருநாள் தபாலில் மாத்தயாவுக்கு ஒரு தடித்த உறை வந்தது. மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டு அனுப்பியிருந்தார்கள். உள்ளே ஒரு பெட்டிசம், கோரிக்கை மனு.

ஆதம்பாவா வட்டானை பெட்டிசம் அடிப்பதில் பெயர் போனவர் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். படித்தது அன்றுதான். “கீழே கையொப்பமிட்டிருக்கும் நாங்கள் காசு கொடுத்து டிக்கட் எடுத்தவர்கள். இனாமாக ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் கொடுத்த காசு எந்தப் பலகையாக மாறியிருக்கிறது என்று காட்டும்படி தாழ்மையுடன் கேட்கிறோம்.” கீழே கையொப்பங்கள், பெருவிரல் அடையாளங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிக்கட் இலக்கம்! அந்தப் பெண்கள் பாதி டிக்கட்டை வெற்றிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனதைக் கண்டபோது, ஞாபகத்துக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

முதல் கையொப்பம் வட்டானையுடையது. இரண்டாவது நசீமாவினுடையது. உருண்டையான, நிதானமான எழுத்து. மாத்தயா பெட்டிசத்தை என் கையிலிருந்து வாங்க இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

“இது உங்கட மாமாவா?” என்று கேட்டார்.

“ஓம்.” வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கம்பியைக் காட்டினார். “மூண்டு வருசம் நான் எழுதின. ஒரு கடிதத்துக்கும் பதில் இல்ல. நான் கேட்டா சம்பளக்காரன் கேக்கிற. இவங்க கேட்டா காசு தந்தவங்க கேக்கிற. பதில் சொல்லத்தானே வேணும்!”

அறிக்கையை அன்றே எழுதினார். பெட்டிசத்தில் சொல்லியிருப்பது முழுக்க உண்மை என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

அடுத்த மாதம் லொறி வந்தது. தார் பூசிய தடித்த பலகைகள். இறக்கும்போது எழுந்த தார் வாசம் எனக்கு அத்தர் வாசம் மாதிரி இருந்தது. பாலம் முடிய ஒரு கிழமை. ஆணி அடிக்கிற ஒவ்வொரு நாளும் நான் போய்ப் பார்த்தேன். வேலையாட்களுக்கு என் செலவில் தேத்தண்ணி, வாழைப்பழம், வெற்றிலை. பாலத்தைத் தன் கலியாணம் மாதிரிப் பார்த்துக்கொள்கிறான் என்று அவர்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றைய திகதி

பாலம் முடிந்த செய்தி அனுப்பிய மூன்றாம் நாள் காலையில் ஒரு வேன் வந்தது. வட்டானை, அவர் மனைவி, நசீமா.

வட்டானை நேரே கூண்டுக்கு வந்தார். பேர்ஸைத் திறந்து, மடிப்பு விழாத அந்த டிக்கட்டை எடுத்து, ஓட்டைக்குள்ளால் நீட்டினார்.

“இப்ப கிழிங்க மருமகன்.”

வாங்கினேன். கிழிக்கப் போன கை நின்றது. மூலையில் நானே குத்திய ஊதா முத்திரை. ஒரு நாளைக்கு மட்டும் செல்லுபடியாகும் டிக்கட். அந்த நாள் போய் நாலு மாதம்.

கிழித்துப் போட்டிருக்கலாம். மாத்தயா ஜீப் பக்கம் நின்றார். அதற்கும் புது டயர்கள் வந்திருந்தன. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மறுபடியும் அந்த மருதமுனைச் சின்னவளின் முகம் வந்தது. இது என்ன சோதனை என்று மனதுக்குள் அல்லாஹ்விடம் கொஞ்சம் கோபித்துக்கொண்டேன்.

“மாமா, இது அண்டையத் திகதி. இண்டைக்கிச் செல்லாது.”

வேனுக்குள் அவர் மனைவி தலையில் கை வைத்ததைக் கண்டேன். வட்டானை டிக்கட்டைத் திருப்பி வாங்கினார். முத்திரையைக் கிட்டப் பிடித்தும் தூரப் பிடித்தும் பார்த்தார்.

“அப்ப நான் குடுத்த காசு?”

“அது பாலத்துக்குக் குடுத்த மாமா. இண்டைக்கு எடுக்கிறது யானை பாக்க.”

ஆதம்பாவா வட்டானை சிரித்தார். தொப்பி பின்னால் சரியுமளவுக்குச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான் முதல் தடவை. டிக்கட்டைக் கவனமாகப் பேர்ஸில் திரும்ப வைத்துவிட்டு வேனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“புள்ளே, நாலு டிக்கட்டுக்குக் காசு எடுகா!”

“நாலா?” நசீமாவின் குரல். “நாம மூணு பேர்தானே வாப்பா?”

“மாப்புளயும் வாறாருதானே!”

விமலதாச மாத்தயா சிரித்துக்கொண்டே வந்து என்னைக் கூண்டுக்கு வெளியே தள்ளிவிட்டு என் கதிரையில் இருந்தார். நாலு டிக்கட்டுகளைப் பிரித்து, முத்திரை குத்தி, நேராகக் கிழித்தார். ஒன்றை நசீமா வாங்கி என் கையில் தந்தாள்.

அங்கே வேலை செய்கிறவனுக்கு டிக்கட் தேவையில்லை. அந்தச் சட்டத்தை மட்டும் நான் அன்று யாருக்கும் சொல்லவில்லை.